எத்தனை பேரில் எத்தனை பேர்?

தமிழ்நாட்டில் இன்று ஓரளவு பெரிய ஊர் எதற்குள் நுழைந்தாலும் கருத்தரிப்பு மையத்தின் விளம்பரப் பலகை கண்ணில் படாமல் போவதில்லை. கொழுகொழுக் குழந்தையின் சிரிப்பு, மருத்துவரின் படம், மாதத் தவணை வசதி, கூடவே பெரிய எழுத்தில் ஒரு வெற்றி விகிதம். கல்யாணமாகி ஐந்தாண்டு, எட்டாண்டு காத்திருந்த தம்பதிகள் அந்த விகிதத்தை நம்பித்தான் படியேறுகிறார்கள். நூற்றுக்கு இத்தனை என்று சொல்லும் பலகை, அந்த நூறு பேர் யார் என்று சொல்வதில்லை. ஊசி போடத் தொடங்கிய நூறு பெண்களா, கருமுட்டை எடுக்கப்பட்ட நூறு பேரா, கருப்பையில் கரு வைக்கும் கட்டம் வரை வந்து சேர்ந்த நூறு பேரா? வெற்றி என்பது ரத்தப் பரிசோதனையில் வந்த ‘பாசிட்டிவ்’ முடிவா, ஸ்கேனில் தெரிந்த இதயத் துடிப்பா, கையில் ஏந்தி வீட்டுக்குக் கொண்டுபோன குழந்தையா? எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதைப் பொறுத்து ஒரே மையத்தின் ஒரே ஆண்டுக் கணக்கு இரண்டு மடங்காகப் பெருகும் அல்லது பாதியாகச் சுருங்கும். ஐ.வி.எஃப். சிகிச்சையைப் பற்றித் தம்பதிகள் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் தலையாயது, அந்த விகிதத்தின் அடியில் இருக்கும் எண். அதைச் சொல்லாமல் வாங்கும் கையெழுத்தை நான் முழுச் சம்மதமாக ஏற்க மாட்டேன்.

இந்த எண் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது சிகிச்சையின் படிகளைப் பார்த்தால் விளங்கும். இயற்கையில் பெரும்பாலும் மாதத்துக்கு ஒரு கருமுட்டைதான் முதிர்ந்து வெளிவரும். ஐ.வி.எஃப். முறையில் மாதவிலக்கின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளிலிருந்து ஏறக்குறைய பத்து நாட்கள் ஹார்மோன் ஊசி போட்டு, ஒரே சுழற்சியில் பல முட்டைகளை வளர்க்கிறார்கள். ஒன்று விட்டு ஒரு நாள் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று அலைச்சல் இருக்கும். முட்டைகள் தயாரானதும் ஒரு கடைசி ஊசி. அதிலிருந்து சுமார் 36 மணி நேரத்தில் மயக்கம் கொடுத்து, ஸ்கேனில் பார்த்தபடியே பிறப்புறுப்பு வழியாக மெல்லிய ஊசியைச் செலுத்தி முட்டைகளை உறிஞ்சி எடுக்கிறார்கள். மையங்களில் ‘பிக்கப்’ என்று சொல்வது இதைத்தான். அன்றே கணவரின் விந்தணுவோடு ஆய்வகத்தில் சேர்த்து, மூன்று அல்லது ஐந்து நாட்கள் வளர்த்து, தேறிய கருவை மெல்லிய குழாய் மூலம் கருப்பையில் வைக்கிறார்கள். மீதமுள்ள நல்ல கருக்களை உறையவைத்துச் சேமிக்கிறார்கள். இரண்டு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை. சொல்லும்போது நேர்கோடு போலத் தெரிந்தாலும் ஒவ்வொரு படியிலும் உதிர்வு உண்டு. 10 முட்டைகள் கிடைத்தால் அவற்றில் முதிர்ந்தவை 8 இருக்கலாம். கருவாகிறவை 5 அல்லது 6. ஐந்தாம் நாள் வரை உயிரோடு வளர்கிறவை 2 அல்லது 3. அதுவும் இளம் வயதுப் பெண்ணிடம், எல்லாம் நல்லபடியாக நடந்தால்.

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்க்கலாம். ஊசி போடத் தொடங்கியவர்கள் 100 பேர் என்று வைத்துக்கொள்வோம். சிலருக்கு முட்டை போதுமான அளவு வளரவில்லை, சிலருக்குக் கரு உருவாகவில்லை, 75 பேருக்கு மட்டும் கரு வைக்கப்பட்டது. அவர்களில் 36 பேருக்கு ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ். 30 பேருக்கு ஸ்கேனில் இதயத் துடிப்பு. 24 பேருக்குக் குழந்தை பிறந்தது. இந்த மையம் ‘எங்கள் வெற்றி 48 சதவீதம்’ என்று எழுதினால் அது பொய் இல்லை. 75-ல் 36 அதுதான். ‘40 சதவீதம்’ என்றாலும் சரி, ‘24 சதவீதம்’ என்றாலும் சரி. மூன்றும் ஒரே ஆண்டின், ஒரே ஆய்வகத்தின் உண்மைகள். ஆனால் நகையை அடகு வைத்துவிட்டு முதல் ஊசிக்கு வயிற்றைக் காட்டும் பெண், எந்த நிலையில் நிற்கிறாள்? தொடங்கிய 100 பேரில் ஒருத்தியாக நிற்கிறாள். அவளுக்குப் பொருந்துவது கடைசி எண் மட்டும்தான். விளம்பரத்தில் வருவதோ பெரும்பாலும் முதல் எண். இதில் மருத்துவர்களின் நேர்மையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. எந்த எண்ணைச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லாத சந்தையில், பெரிய எண்ணைச் சொல்கிறவர் பக்கம் கூட்டம் போகும். சிறிய எண்ணைச் சொல்லும் நேர்மையான மருத்துவர் திறமை குறைந்தவராகத் தெரிவார். அந்த மருத்துவருக்காகவும்தான் இதைக் கேட்க வேண்டியிருக்கிறது.

இந்த மருத்துவத்தின் பிறப்பிலேயே இந்தப் பாடம் இருக்கிறது. உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன், 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்டாம் நகர அரசு மருத்துவமனையில் பிறந்தாள். மகப்பேறு மருத்துவர் பேட்ரிக் ஸ்டெப்டோ, உடலியல் அறிஞர் ராபர்ட் எட்வர்ட்ஸ், செவிலியராக வந்து கருவியல் வல்லுநராக வளர்ந்த ஜீன் பர்டி ஆகிய மூவரின் உழைப்பு அது. எட்வர்ட்ஸுக்கு 2010-ல் நோபல் பரிசு கிடைத்தது. மற்ற இருவரும் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. லூயிஸின் படம் உலகெங்கும் பரவியது. அவளுக்குப் பின்னால் நின்ற எண்கள் வெகுகாலம் கழித்துத்தான் வெளியே வந்தன. ஓல்டாம் குழுவின் கையெழுத்துக் குறிப்பேடுகளைப் பின்னாளில் ஆய்வாளர்கள் பக்கம் பக்கமாக எண்ணிப் பார்த்தார்கள். 1969 முதல் 1978 வரை அந்த முயற்சிக்குத் தங்களை ஒப்புக்கொடுத்த பெண்கள் 282 பேர். கரு வைத்தது 112 முறை. கருத்தரித்தது 5 முறை. பிறந்த குழந்தைகள் 2. குழந்தை கிடைக்காமல் வீடு திரும்பிய பெண்களின் உடலும் காத்திருப்பும் இல்லாமல் அந்த இரண்டு பிறப்புகளும் நடந்திருக்காது. அவர்களைக் கணக்கில் சேர்ப்பது அறிவியலுக்கு மட்டுமன்றி நன்றிக்கும் உரிய காரியம். குறிப்பேடுகள் பத்திரமாக இருந்ததால் அது முடிந்தது.

நம் நாட்டில் நடந்ததோ வேறு. லூயிஸ் பிறந்து 70 நாட்களில், 1978 அக்டோபர் 3 அன்று, கொல்கத்தாவில் ‘துர்கா’ பிறந்தாள். அவளைச் சாத்தியமாக்கிய மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய், ஹார்மோன் ஊசியால் பல முட்டைகளை வளர்த்தார், கருவை உறையவைத்து வேறொரு சுழற்சியில் வைத்தார். ஓல்டாம் குழு வெற்றி கண்டது ஊசி இல்லாத இயற்கைச் சுழற்சியில்; இன்று உலகமெங்கும் நடப்பது சுபாஷின் வழிக்கு நெருக்கமானது. மேற்கு வங்க அரசு அமைத்த விசாரணைக் குழு அவரது கூற்றை நிராகரித்தது. அறிவியல் உலகின் முன் அதை எடுத்துவைக்கும் வாய்ப்புகளும் மறுக்கப்பட்டன. கண் மருத்துவ நிறுவனம் ஒன்றுக்கு மாற்றப்பட்ட அவர், 1981 ஜூன் 19 அன்று தற்கொலை செய்துகொண்டார். 1986-ல் மும்பையில் இந்திரா ஹிந்துஜாவுடன் இணைந்து இந்தியாவின் முதல் ‘அங்கீகரிக்கப்பட்ட’ சோதனைக்குழாய்க் குழந்தைக்கு வழிசெய்த அறிஞர் டி.சி. ஆனந்தகுமார்தான், சுபாஷின் குறிப்புகளைப் படித்துவிட்டு, ‘முதலாமவர் நானல்ல, அவர்’ என்ற பொருள்பட 1997-ல் எழுதினார். தன் பெயருக்கு இருந்த பெருமையைத் தானே இறக்கிவைத்த அந்தப் பெருந்தன்மையை நினைக்கும்போது மனம் நெகிழ்கிறது. பதிவுகள் நேர்மையாகப் பரிசோதிக்கப்பட்டிருந்தால் ஓர் உயிர் போயிருக்காது. கருத்தரிப்பு மருத்துவத்தில் எதைப் பதிவு செய்கிறோம், யார் அதைச் சரிபார்க்கிறார்கள் என்ற கேள்வி இந்த நாட்டுக்குப் புதிதல்ல.

விகிதத்தின் அடியில் இருக்கும் எண்ணை முதலில் வயதுவாரியாகப் பிரிக்க வேண்டும். பெண் பிறக்கும்போதே அவளது முட்டைகள் அனைத்தும் உடலில் இருக்கின்றன. வயது ஏற ஏற எண்ணிக்கையும் குறைகிறது, தரமும் குறைகிறது. ஐ.வி.எஃப். அந்தக் கடிகாரத்தைப் பின்னோக்கித் திருப்புவதில்லை. எல்லா மையங்களின் முடிவுகளையும் சட்டப்படி திரட்டும் பிரிட்டனின் எச்.எஃப்.இ.ஏ. அமைப்பு வெளியிடும் தரவுகளின்படி, சொந்த முட்டையால் உருவான ஒரு கருவை வைத்தால், 35 வயதுக்குக் குறைந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்குக் குழந்தை பிறக்கிறது. 43, 44 வயதில் அது 5 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. இரண்டையும் கலந்து ‘சராசரி’ சொன்னால் இளையவருக்கும் பயனில்லை, மூத்தவருக்கும் பயனில்லை. நாற்பதைக் கடந்த பெண்களுக்குக் கிடைக்கும் வெற்றிகளில் பல, வேறொரு இளம்பெண் கொடுத்த முட்டையால் கிடைப்பவை. அதில் குறை எதுவும் இல்லை. ஆனால் அந்த வெற்றிகளையும் சொந்த முட்டை வெற்றிகளையும் ஒரே மூட்டையில் கட்டி 42 வயதுப் பெண்ணிடம் காட்டுவது அவளுக்கு இழைக்கும் அநீதி.

இங்கே வழக்கமாக ஒரு மறுப்பு எழும். ‘உள்ளபடி எண்ணைச் சொன்னால் நம்பிக்கை போய்விடும், ஏற்கெனவே ஊராரின் பேச்சில் நொந்து வருகிறார்கள், மருத்துவரும் பயமுறுத்தலாமா?’ என்பார்கள். அக்கறையில் பிறந்த கேள்வி இது. ஆனால் நம்பிக்கையைக் குலைப்பது பெரும்பாலும் மிகைப்படுத்திய எண்தான். 2015-ல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் வெளியான ஆய்வு, பிரிட்டனில் சிகிச்சை பெற்ற 1,56,947 பெண்களின் விவரங்களை அலசியது. முதல் சுழற்சியில், அதில் உறையவைத்த கருக்களையும் சேர்த்து, குழந்தை பெற்றவர்கள் 29.5 சதவீதம். அதாவது பத்தில் ஏழு பேருக்கு முதல் முயற்சி பலிக்கவில்லை. அதே ஆய்வின் இன்னொரு பாதியைப் பாருங்கள்: நான்காவது சுழற்சி வரை ஒவ்வொரு முயற்சியிலும் வாய்ப்பு 20 சதவீதத்துக்கு மேலேயே இருந்தது, ஆறு சுழற்சிகளின் முடிவில் மொத்த வாய்ப்பு 65 சதவீதத்தை எட்டியது. ‘80 சதவீதம்’ என்று நம்பி வந்த பெண், முதல் தோல்வியில் தன் உடலையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறாள். மாடிப்படி ஏறியதாலா, அன்று பப்பாளி சாப்பிட்டதாலா, மனதில் கவலை வைத்திருந்ததாலா என்று தன்னைத் தானே குடைகிறாள். மாமியார் வீட்டிலும் அதே கேள்விகள். முதல் முயற்சி பலிக்காமல் போகவே வாய்ப்பு அதிகம் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால், அந்தத் தோல்வி எதிர்பார்த்த ஒன்றாக இருந்திருக்கும். இரண்டாவது முயற்சிக்கான பணத்தையும் மனதையும் ஒதுக்கிவைத்திருப்பாள். உள்ளபடி சொன்ன எண் அவளைக் குற்ற உணர்விலிருந்து விடுவிக்கிறது. அதைவிடப் பெரிய ஆறுதல் எதையும் என்னால் நினைக்க முடியவில்லை.

அடுத்த கேள்வி, தொடங்கியவர்களில் எத்தனை பேருக்கு இந்தச் சிகிச்சை உண்மையிலேயே தேவைப்பட்டது என்பது. உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட அறிக்கைப்படி உலகில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது குழந்தையின்மையைச் சந்திக்கிறார். தடுப்பு எதுவும் இல்லாமல் ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தும் கருத்தரிக்காத நிலையைத்தான் குழந்தையின்மை என்கிறார்கள். பெண்ணுக்கு 35 வயது கடந்துவிட்டால் ஆறு மாதத்திலேயே மருத்துவரைப் பார்ப்பது நல்லது. இரண்டு பக்கமும் கருக்குழாய் அடைபட்டிருந்தால், விந்தணு மிக மிகக் குறைவாக இருந்தால், வயது கைநழுவிப் போய்க்கொண்டிருந்தால், ஐ.வி.எஃப். சரியான வழி, தாமதிப்பதுதான் தவறு. நம் நாட்டில் கருக்குழாய் அடைப்புக்கு இனப்பெருக்க உறுப்புகளைத் தாக்கும் காசநோயும் ஒரு முக்கியக் காரணம் என்பதை மறக்கக் கூடாது. மாறாக, நீர்க்கட்டி என்று பரவலாகச் சொல்லப்படும் பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்கள் பலருக்கு, முட்டை வெளிவரச் செய்யும் லெட்ரோசோல் போன்ற மாத்திரையே முதல் சிகிச்சை. ஏ.எம்.எச். அளவு குறைவு என்ற ஒரே ரத்தப் பரிசோதனை முடிவைக் காட்டி, முப்பது வயதுப் பெண்ணை அவசரப்படுத்துவதும் நடக்கிறது. முட்டை இருப்பைக் குறிக்கும் அந்த அளவு, ஊசிக்கு எத்தனை முட்டைகள் வளரும் என்பதை ஊகிக்க உதவும். இயல்பாகக் கருத்தரிக்க முடியுமா என்பதை அது சொல்லாது. 30 முதல் 44 வயதுவரையான பெண்களிடம் அமெரிக்காவில் நடந்து 2017-ல் வெளியான ஆய்வு அதைத் தெளிவாகக் காட்டியது.

ஆண்களைப் பற்றியும் இங்கே வெளிப்படையாகப் பேச வேண்டும். குழந்தையின்மையில் ஏறக்குறைய பாதி இணைகளிடம் ஆணின் உடலிலும் காரணம் இருக்கிறது. விந்துப் பரிசோதனை வலியில்லாதது, மலிவானது, ஓரிரு நாளில் முடிவு தெரிவது. ஆனாலும் பெண்ணுக்குக் கருக்குழாய் எக்ஸ்ரே, ஹார்மோன் பரிசோதனைகள், சில வேளை லேப்ராஸ்கோப்பி வரை முடித்த பிறகுதான் கணவரின் பரிசோதனை வருகிறது. ‘என் பையனுக்கு என்ன குறை?’ என்ற ஒரு வாக்கியம் ஆண்டுகளை விழுங்கிவிடுகிறது. 1992-ல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் உருவான இக்சி முறை, ஒரே ஒரு விந்தணுவை எடுத்து முட்டைக்குள் ஊசியால் செலுத்தி, ஆண் குறைபாட்டுக்கு மாபெரும் தீர்வைத் தந்தது. அதில் ஓர் அநியாயமும் கலந்திருக்கிறது. குறை ஆணிடம் என்றாலும் ஊசியும் மயக்கமும் அறுவைக் கூடமும் பெண்ணுக்கே. குறைந்தபட்சம் பழியையாவது அவள் தோளிலிருந்து இறக்கிவைக்க வேண்டாமா?

சிகிச்சைக்குள் நுழைந்த பிறகு கூடுதல் சேவைகளின் பட்டியல் நீட்டப்படும். எண்களைக் கேட்கும் பழக்கம் தம்பதிகளின் பையை நேரடியாகக் காப்பாற்றுவது இங்கேதான். கருப்பையின் உட்சுவரை லேசாகச் சுரண்டினால் கரு நன்றாக ஒட்டும் என்று உலகெங்கும் பல ஆண்டுகள் நம்பினார்கள், கட்டணமும் வாங்கினார்கள். 1,364 பெண்களைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து நடத்திய சோதனையின் முடிவு 2019-ல் வெளியானது: சுரண்டியவர்களில் குழந்தை பெற்றவர்கள் 26.1 சதவீதம், சுரண்டாதவர்களில் 26.1 சதவீதம். விந்தணு இயல்பாக இருக்கும் இணைகளுக்கும் இக்சி செய்தால் நல்லதுதானே என்ற எண்ணத்தை வியட்நாமின் ஹோ சி மின் நகரில் 1,064 இணைகளிடம் சோதித்தார்கள். 2021-ல் வெளியான அந்த முடிவிலும் குழந்தை பிறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கருக்களின் குரோமோசோம்களைப் பரிசோதித்து வைப்பது பற்றி அதே ஆண்டு சீனாவிலிருந்து வெளியான, 1,212 பெண்கள் பங்கேற்ற ஆய்வில், நல்ல வாய்ப்புள்ள பெண்களுக்குப் பரிசோதனை இல்லாத குழுவின் மொத்தக் குழந்தைப் பிறப்பு விகிதத்தைவிட அது மேலாக இல்லை. மரபுநோய் உள்ள குடும்பங்களுக்குக் கருவைச் சோதிப்பது வேறு விஷயம்; அது அவசியமானது. கரு வைத்த பின் பதினைந்து நாள் படுத்த படுக்கையாகக் கிடக்க வேண்டும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. வேலைக்குப் போகும் பெண்கள் அதற்காகவே சம்பளமில்லா விடுப்பு எடுக்கிறார்கள், சிலர் வேலையையே விடுகிறார்கள்.

செலவு ஒரு சுழற்சிக்கே பெரும்பாலும் ஒன்றரை லட்சத்தைத் தாண்டுகிறது. உறையவைத்த கருவுக்கு வாடகை தனி, மறுமுறை வைக்கக் கட்டணம் தனி. உடல்நலக் காப்பீடுகளின் பொதுவான விலக்குப் பட்டியலில் குழந்தையின்மை இடம்பெற்றிருப்பதால் பெரும்பாலான குடும்பங்களுக்குக் காப்பீட்டுப் பணம் கிடைப்பதில்லை. நகை, நிலம், தனியார் கடன் என்று போகிறது. இதில் ஒரு வரலாற்றுக் காரணமும் இருக்கிறது. நம் அரசு இயந்திரம் அரை நூற்றாண்டு காலம் பிறப்பைக் கட்டுப்படுத்துவதிலேயே கவனம் வைத்தது. அதில் தமிழ்நாடு முன்னோடி; 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் நம் மாநிலத்தில் ஒரு பெண்ணுக்கு சராசரியாக 1.8 குழந்தைகள்தான். குழந்தை வேண்டாம் என்றவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையம் வரை சேவை இருந்தது. வேண்டும் என்று அழுதவர்களுக்கு அரசிடம் வெகுகாலம் வாசல் இல்லை. அவர்கள் அனைவரையும் தனியார் சந்தைதான் ஏற்றுக்கொண்டது. அந்தச் சந்தை பல்லாயிரம் வீடுகளில் தொட்டில் கட்ட வைத்திருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ‘ஜனத்தொகை பெருத்த நாட்டில் இதற்கு ஏன் பணம்?’ என்று கேட்பவர்கள், ஒரு தம்பதியின் ஒரு குழந்தையைத் தேசத்தின் கூட்டல் கணக்கில் பார்க்கிறார்கள். ‘தத்து எடுத்துக்கொள்ளலாமே’ என்பது இன்னொரு அறிவுரை. தத்தெடுப்பு மேன்மையானது, ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவும் வைப்பது. ஆனால் இயல்பாகப் பெற்றுக்கொள்ள முடிந்தவர்களிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. கருத்தரிக்காதவர்கள் மீது மட்டும் அதைக் கடமையாகச் சுமத்துவது நியாயம் ஆகாது.

எண்களை வெளியிடச் சொல்வதற்கு மருத்துவர்கள் தரப்பிலிருந்து வரும் மறுப்பு இன்னும் கனமானது. மையவாரியாக விகிதம் வெளியானால், கணக்கு கெட்டுவிடும் என்று பயந்து வயது கூடியவர்களையும் சிக்கலான நோயாளிகளையும் மையங்கள் திருப்பி அனுப்பிவிடும் என்கிறார்கள். ஒரே முறையில் மூன்று கருக்களை வைத்து எண்ணை உயர்த்தவும் தூண்டுதல் வரும். இரண்டும் உண்மையான ஆபத்துகள். அதனால்தான் எந்த எண் என்பது முக்கியமாகிறது. வயதுக் குழு வாரியாக, ஊசி தொடங்கியவர்களிலிருந்து, ஒரு முறை எடுத்த முட்டைகளிலிருந்து வந்த எல்லாக் கருக்களையும் சேர்த்து, பிறந்த குழந்தைகளைக் கணக்கிட்டால் திருப்பி அனுப்புவதால் வரும் லாபம் வெகுவாகக் குறையும். கூடவே இரட்டைப் பிரசவ விகிதத்தையும் வெளியிட வேண்டும். இரட்டைக் குழந்தை நம் வீடுகளில் கொண்டாட்டம். குறைப்பிரசவமும் தாய்க்கு ரத்த அழுத்தமும் அதோடு சேர்ந்து வருகின்றன. பிரிட்டனில் 1990-களின் தொடக்கத்தில் 28 சதவீதமாக இருந்த பலகுழந்தைப் பிரசவம், ஒரே கருவை வைக்க வலியுறுத்தியதால் 2019-ல் 6 சதவீதமானது. வெற்றி விகிதம் அதனால் குறையவில்லை, கூடியது. ஊசியால் கருமுட்டைப் பைகள் அளவுமீறி வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, மருத்துவமனையில் சேர்க்க வேண்டிவரும் சிக்கலின் கணக்கும் அதே பட்டியலில் இருக்க வேண்டும். ‘சராசரியை வைத்து ஒருவரின் விதியைச் சொல்ல முடியுமா?’ என்றும் கேட்கலாம். விதியைச் சொல்ல முடியாது, வாய்ப்பைச் சொல்லலாம். வயது, எத்தனை ஆண்டு காத்திருப்பு, காரணம் என்ன என்பவற்றைக் கொண்டு ஓர் இணைக்குரிய வாய்ப்பைக் கணிக்கும் முறையை அபர்தீன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-லேயே வெளியிட்டிருக்கிறார்கள். அதை உருவாக்க முடிந்ததே, ஒரு நாடு தன் எல்லா மையங்களின் தரவையும் திரட்டி வைத்திருந்ததால்தான்.

இந்தியாவிலும் அடித்தளம் போடப்பட்டுவிட்டது. 2021-ல் நிறைவேறி 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம், மையங்களைப் பதிவு செய்யச் சொல்கிறது. சிகிச்சைக்கு வரும் பெண்ணுக்கு 21 முதல் 50, ஆணுக்கு 21 முதல் 55 என வயது வரம்பு வைக்கிறது. முட்டை கொடுக்கும் பெண் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே முறைதான் கொடுக்கலாம் என்கிறது. சட்டம் மட்டும் போதாது என்பதை அதே 2022-ல் ஈரோட்டில் வெளியான கொடுமை காட்டியது. 16 வயதுச் சிறுமியை, ஆதாரில் வயதைத் திருத்தி, பலமுறை முட்டை கொடுக்க வைத்திருந்தார்கள். யாரோ ஒரு தம்பதியின் வெற்றிக் கணக்கில் அந்தக் குழந்தையின் வேதனையும் சேர்ந்திருக்கிறது. அந்தச் சட்டத்திலேயே அதிகம் பேசப்படாத ஒரு பிரிவு உண்டு: அந்த மையத்தில் வெற்றிக்கு உள்ள வாய்ப்பு என்ன, செலவு என்ன, பக்கவிளைவுகள் என்ன, பலகுழந்தைப் பிரசவ ஆபத்து எவ்வளவு என்பதைத் தம்பதிக்கு மையமே எடுத்துச்சொல்ல வேண்டும். ஆகவே கேட்பது உரிமை. சொல்வது சலுகை ஆகாது. ‘என் வயதில், என் பிரச்சினையோடு, சொந்த முட்டையில் போன ஆண்டு இங்கே ஊசி தொடங்கியவர்கள் எத்தனை பேர், அவர்களில் குழந்தையோடு போனவர்கள் எத்தனை பேர்?’ என்று முதல் சந்திப்பிலேயே கேட்கலாம். பதில் எழுத்தில் வேண்டும் என்றும் கேட்கலாம். மையங்கள் தங்கள் முடிவுகளைத் தேசியப் பதிவேட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. எஞ்சியிருப்பது, அந்தத் தரவை வயதுவாரியாக, மையவாரியாக மக்கள் பார்க்கும்படி வெளியிடுவது மட்டுமே.

அதை யாராவது தொடங்கிவைக்க வேண்டும். அதற்குப் பொருத்தமான இடம் அரசு மருத்துவமனை. கோவா அரசு 2023-ல் தன் மருத்துவக் கல்லூரியில் இலவச ஐ.வி.எஃப். சிகிச்சையைத் தொடங்கியது. தமிழ்நாட்டிலும் சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் செயற்கைக் கருத்தரிப்பு மையத்தை அரசே அமைத்திருக்கிறது. ஆளைச் சேர்க்க விளம்பரம் செய்ய வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. சிறிய எண்ணைச் சொல்வதால் அது எந்த வருமானத்தையும் இழக்காது. ஆண்டு முடிவில் எத்தனை பெண்களுக்கு ஊசி தொடங்கினோம், எந்த வயதில் எத்தனை பேர், எத்தனை பேருக்குக் கரு வைத்தோம், எத்தனை குழந்தைகள் பிறந்தன, எத்தனை இரட்டையர், எத்தனை பேருக்குச் சிக்கல் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதிப் புறநோயாளிகள் பிரிவின் சுவரில் ஒட்டினால் போதும். எழும்பூரில் அதைப் படித்துவிட்டு வரும் தம்பதி, அடுத்து ஏறும் தனியார் மையத்திலும் அதே பக்கத்தைக் கேட்பார்கள்.